மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிய பக்கம்

எங்கள் ஊர் எய்டட் பள்ளிக்கூடம், அதாவது அரசு உதவி பெறும் தனியார் பள்ளி, தன் வகுப்பறைகளில் சாதி பார்த்தது. அதைத் தானே எழுதி, பிடிஏ ஜெனரல் பாடியில் (பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்குழுவில்) வாசித்து, மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்தும் போட்டிருக்கிறது. பள்ளியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவே, தென்னந்தோப்புகளுக்குள் இருக்கும் பள்ளி என்பது போதும். பெயரை எழுதினால் பேச்சு அந்த ஒரு பள்ளியோடு நின்றுவிடும். பக்கத்து ஊர்ப் பள்ளிகள் நிம்மதியாகிவிடும். அதற்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

நான் அங்கே படித்தவள். இப்போது என் அக்கா மகள் படிக்கிறாள். அக்காவும் மாமாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதால் பள்ளிக்கூடத்துக் காரியம் எல்லாவற்றுக்கும் நான்தான் கார்டியன். எங்களுக்கு வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பஸ் ஏறிப் பாலக்காடு போனால் மலையாளம். கேரள அரசின் பட்டியலில் எங்கள் சாதியைச் சக்கிலியன் என்று எழுதியிருப்பார்கள். எல்லையைத் தாண்டினால் அருந்ததியர். எந்தப் பக்கம் போனாலும் ஊருக்குக் கடைசித் தெருதான் எங்களுக்கு.

சித்தூர் முன்பு கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1இல் கேரளம் உருவானபோது அதோடு சேர்ந்தது. ஆட்சி மாறியதே தவிர பேச்சு மாறவில்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எங்கே போனாலும் கொங்குத் தமிழ் காதில் விழும். இங்கிருந்து பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் காலேஜ் போகிற பிள்ளைகளைப் ‘பாண்டி’ என்று கூப்பிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நிறம், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மலையாளம் பேசும்போது வருகிற இழுப்பு, எல்லாமே கேலிக்கு ஆகும். அந்தக் கேலி எங்கள் ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும், அவர்களும் அதைப் பட்டுத்தான் படித்து வந்தார்கள். தமிழ் மீடியத்துக்குத் தமிழ் தெரியாத ஆளைப் போடக்கூடாது, கேள்வித்தாள் தமிழில் வேண்டும் என்று கொடி பிடித்துப் போனவர்கள் அவர்கள். நியாயமான போராட்டம். நானும் கூடப் போயிருக்கிறேன். அதே ஆசிரியர்கள் திரும்பி வந்து வகுப்புக்குள் நுழைந்ததும் எங்கள் தெருப் பிள்ளைகளை நடத்திய விதம் வேறு. பட்டவர்களுக்கே அது எப்படித் தெரியாமல் போகும் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இன்னும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். பெரிய கொடுமைக் கதை எதுவும் இல்லை. யாரையும் மரத்தில் கட்டி அடிக்கவில்லை. அதனால்தான் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது.

கேரளத்தில் எஸ்.சி. பிள்ளைகளுக்குப் பள்ளியில் அரசு கொடுக்கும் உதவித்தொகைக்கு லம்ப்சம் கிராண்ட் என்று பெயர். வருட ஆரம்பத்தில் அதற்கான பட்டியல் போகும். ஒரு நாள் காலையில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்துவிட்டு, “லம்ப்சம் பிள்ளைங்கெல்லாம் எழுந்திரிங்க” என்பார். நாங்கள் எழுந்து நிற்போம். டீச்சர் தலைகளை எண்ணி, ரெஜிஸ்டரில் எங்கள் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு இழுப்பார். உட்கார்ந்திருப்பவர்கள் கழுத்தைத் திருப்பி யார் யார் என்று பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. ஆனால் அன்றிலிருந்து வருடம் முழுவதும் அதுதான் எங்கள் பெயர். கபடியில் கோட்டை விட்டால் “ஏய் லம்ப்சம்”. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால், “லம்ப்சத்துக்கெல்லாம் சும்மாவே போடுவாங்க”. தொண்ணூறுகளில் என்னை எழுப்பி நிறுத்தியது போலவேதான் என் அக்கா மகளையும் எழுப்பி நிறுத்தினார்கள்.

அப்புறம் கக்கூஸ். கேரளப் பள்ளிகளில் வெள்ளிக்கிழமை மத்தியான இடைவேளை நீளம். அந்த நேரத்தில்தான் சுத்தம் செய்யும் வேலை. வகுப்பறை பெருக்க ஒரு குழு, செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு குழு. கக்கூசுக்கு எங்கள் தெருப் பிள்ளைகள். எந்தத் தாளிலும் அப்படி எழுதி ஒட்டியிருக்காது. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அதே கைகளுக்குத்தான் சீமாறும் பிளீச்சிங் பவுடர் டப்பாவும் வரும். “நீங்கதான் கண்ணு சுத்தமா கழுவுவீங்க” என்று ஒரு டீச்சர் தலையைத் தடவிச் சொல்வார். அவர் நல்ல மனுஷி, பாடமும் நன்றாக நடத்துவார். அந்தத் தடவலோடு சேர்த்துத்தான் அந்த வேலையும் எங்களுடையதானது. கழுவிவிட்டு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தால் நகக் கண்ணெல்லாம் வெள்ளையாக இருக்கும், கையில் பிளீச்சிங் நெடி அடிக்கும். பக்கத்தில் இருக்கிற பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்காரும். நெடிக்காக நகர்ந்ததாகத்தான் அந்தப் பிள்ளையும் நினைத்திருக்கும்.

எங்கள் தெருவில் குட்ஸ் ஆட்டோ ஓட்டும் ஒருவர்தான் முதலில் மனு எழுதிக் கொடுத்தார். அவர் மகள் வெள்ளிக்கிழமையானால் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். பள்ளியிலிருந்து வந்த முதல் பதில், “எல்லாப் பிள்ளைகளும் எங்களுக்கு ஒண்ணுதான்.” அதை அவர்கள் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. ஆபீஸ் அறையில் மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தைக் காட்டி, “படமே வெச்சிருக்கோம் பாருங்க” என்றார்கள். மகாராஷ்டிரத்துச் சாத்தாராவில் படித்தபோது அந்த அம்பேத்கர் வீட்டிலிருந்து சாக்குக் கொண்டுபோய்த் தனியாகப் போட்டு உட்கார்ந்தார். பள்ளிப் பியூன் மேலேயிருந்து ஊற்றினால்தான் அவருக்குத் தண்ணீர், பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. படத்தை மாட்டியவர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால், எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியாவது கையைத் தூக்கி ஏதாவது கேட்டிருப்பாள்.

ஏ.ஈ.ஓ. எனும் உதவிக் கல்வி அலுவலர் ஆபீசிலிருந்து வந்தவர்கள் ஸ்டாஃப் ரூமில் விசாரித்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். எங்கள் ஆட்களிலேயே சிலருக்குப் பயம். பக்கத்து முதலமடை பஞ்சாயத்தில், கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், 2017இல் டீக்கடைத் தம்ளரும் தண்ணீர்க் குழாயும் தனித்தனியாக இருக்கின்றன என்று எங்கள் சனங்கள் வெளியே சொன்னபோது பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், தலைவர்கள் வந்தார்கள், “இங்க அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை” என்று எதிர்ப்பேச்சும் வந்தது. பத்திரிகைக்காரர்கள் போன பிறகும் அங்கேதானே குடியிருக்க வேண்டும்? பண்ணாடியின், அதாவது நிலக்காரரின் தோப்பில்தானே வேலைக்குப் போக வேண்டும்? அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

புதிதாக வந்த எச்.எம். டீச்சர்தான் வேறு மாதிரி ஆரம்பித்தார். பத்து வருட அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்களை எடுத்து மேசையில் போட்டு, சிவப்புக் கோடு யார் யார் பெயருக்குக் கீழே இருக்கிறது என்று பார்த்தார். ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினருக்குப் பூ கொடுத்த பிள்ளைகள், அசெம்பிளியில் பிரார்த்தனை பாடிய பிள்ளைகள் யார் என்று பழைய போட்டோக்களில் தேடினார். எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி கூட இல்லை. பிறகு எங்கள் தெருவுக்கு வந்தார், தனியாக, சாயங்காலத்தில். யாரிடமும் சமாதானம் பேசவில்லை. நாங்கள் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

ஜெனரல் பாடியில் அவர் வாசித்தது ஒரே ஒரு பக்கம். “யார் மனதாவது புண்பட்டிருந்தால்” என்ற ரகத்துப் பேச்சு அதில் இல்லை. இந்தப் பள்ளி பல ஆண்டுகளாகக் கழிப்பறை சுத்தம் செய்யும் வேலையை எஸ்.சி. பிள்ளைகளிடம் கொடுத்துவந்திருக்கிறது, உதவித்தொகையின் பேரில் அவர்களை வகுப்பில் அடையாளம் காட்டியிருக்கிறது, மேடையில் ஏற்றாமல் இருந்திருக்கிறது, பெற்றோர் புகார் கொடுத்தபோது மறுத்திருக்கிறது, இவை அத்தனைக்கும் பள்ளியே பொறுப்பு என்று இருந்தது. பிறகு என்ன செய்யப்போகிறார்கள் என்று நாலைந்து வரி. பிள்ளைகள் இனி கழிப்பறை கழுவ மாட்டார்கள். கிராண்ட் விஷயம் பெற்றோரோடு ஆபீசில் மட்டும். உட்காரும் வரிசை பெயரின் அகர வரிசைப்படி. புகார் வந்தால் விசாரிக்கும் குழுவில் எங்கள் தெருத் தாய் ஒருத்தி. இந்தப் பக்கத்தை வருடா வருடம் ஜெனரல் பாடியில் மறுபடி வாசித்து, எவ்வளவு நடந்தது என்று சொல்ல வேண்டும். சீனியர் ஆசிரியர்களில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவர் மறுத்ததும் மினிட்ஸில் இருக்கிறது.

ஹாலில் சத்தமே இல்லை. பின்னால் பேத்தியோடு வந்திருந்த ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: “அதெல்லாம் செரிங்க டீச்சர். இனி கக்கூசை ஆருங்க கழுவறது?”

டீச்சரிடம் பதில் இல்லை. பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அந்தக் கேள்விக்கு வந்த பதிலைக் கடைசியில் சொல்கிறேன், அது எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

பண்ணாடி வீட்டுத் தகப்பன் ஒருவர், “பிள்ளைகளுக்குச் சாதியே தெரியாது, நீங்கதான் இதையெல்லாம் வாசிச்சுக் கிளப்பிவிடறீங்க” என்றார். எல்லா ஊரிலும் சொல்வதுதான். சீமாறு யார் கைக்குப் போக வேண்டும் என்று ரெண்டாம் கிளாஸ் பிள்ளைக்குத் தெரிகிறது. தெரியாது என்று சொல்வது பெரியவர்களுக்கு வசதி, அவ்வளவே. தமிழ்நாட்டில் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் கூடப் படிக்கிற மாணவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, சாதியைக் குறித்துப் பிள்ளைகளைக் கூப்பிடக் கூடாது, அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் டீச்சர் அகர வரிசையை அங்கிருந்துதான் எடுத்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்து அறிக்கை இந்தப் பக்கத்துப் பள்ளிக்கு உதவியதில் எனக்குச் சந்தோஷம்.

பொறுப்பேற்பதில் மற்றவர்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று அந்தக் கூட்டத்துக்குப் பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1838இல் அதை நடத்திவந்த இயேசு சபைப் பாதிரியார்கள் மேரிலாந்தில் தங்களிடம் அடிமைகளாக இருந்த 272 பேரை லூசியானா தோட்டங்களுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி கல்லூரிக் கடனை அடைக்கப் போனது. 2017 ஏப்ரலில் பல்கலைக்கழகமும் இயேசு சபையும் அவர்களுடைய வாரிசுகளை அழைத்து அவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டன. விற்பனையில் முன்னின்ற பாதிரியார் பெயர் தாங்கிய கட்டிடத்துக்கு, விற்பனைப் பத்திரத்தில் முதலில் இருந்த ஐசக் ஹாக்கின்ஸின் பெயரை வைத்தார்கள். பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு அட்மிஷனில் கிடைக்கும் முன்னுரிமை அந்த வாரிசுகளுக்கும் உண்டு என்றார்கள். 2019இல் மாணவர்கள் செமஸ்டருக்கு 27.20 டாலர் தாங்களே அந்த வாரிசுகளுக்காகக் கட்டுகிறோம் என்று வாக்களித்தார்கள். விற்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை வைத்து அந்தத் தொகை. வாரிசுகளில் பலருக்கு இதுவும் போதவில்லை. போதாதுதான். ஆனால் பெயர், இடம், பணம் என்று கையில் எடுத்து எண்ணிப்பார்க்கக் கூடியதாக அவர்கள் பேசினார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் சில எங்கள் விஷயத்தையும் விதியில் சேர்த்துவிட்டன. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யப்பட்ட பாகுபாடுகளில் ஒன்றாக எழுதின. நம் நாட்டவர் அங்கே போகும்போது சாதியையும் கட்டிக்கொண்டு போனதால் வந்த விதி அது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இதே கேரளத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்ட எல்லைப் பக்கமாக, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஊரூட்டம்பலம் இருக்கிறது. நூறு வருடத்துக்கும் முன்னால் தலித் தலைவர் அய்யன்காளி பஞ்சமி என்ற புலையர் சாதிச் சிறுமியைக் கையைப் பிடித்து அங்கே பள்ளிக்குக் கூட்டிப்போனார். பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசின் உத்தரவே இருந்தது. உத்தரவைப் பொருட்படுத்தாத மேல்சாதிக்காரர்கள் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். எங்கள் பிள்ளைக்குப் பள்ளி இல்லையென்றால் உங்கள் வயலில் களைதான் முளைக்கும் என்று வேலையை நிறுத்திப் போராடிய சனங்கள் அந்தப் புலையர்கள். பாதி எரிந்து மிஞ்சிய ஒரு பெஞ்சை அந்தப் பள்ளியில் பாதுகாத்துவந்தார்கள். 2022இல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் வைத்தது. எரித்த பள்ளிக்கு, எந்தப் பிள்ளைக்காக எரித்தார்களோ அந்தப் பிள்ளையின் பெயர். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அக்கா மகளைக் கூப்பிட்டு முழுக் கதையையும் சொன்னேன். “அந்தப் புள்ள அப்புறம் எத்தனாவது வரைக்கும் படிச்சுது சித்தி?” என்று கேட்டாள்.

சரி, கக்கூஸ் விஷயத்துக்கு வருகிறேன். பிடிஏ நிதியிலிருந்து கூலி கொடுத்து ஆள் போட முடிவாயிற்று. ஊர் முழுக்கச் சொல்லிப்பார்த்தும் வேறு யாரும் வரவில்லை. கடைசியில் வந்தது எங்கள் தெருப் பெண்தான். கேள்வி கேட்ட பாட்டியின் மருமகள். பேத்தியின் கையிலிருந்த சீமாறு அம்மாவின் கைக்குப் போயிருக்கிறது. கூலி உண்டு, கையுறை உண்டு, பிள்ளை அந்த நேரத்தில் வகுப்பில் இருக்கிறாள். அது சின்ன மாற்றம் இல்லை என்று அந்தத் தாயே சொல்கிறார். அவர் சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் இதைச் சமத்துவம் என்று எழுத என் கை வராது. டீச்சருக்கும் அது தெரியும். இந்த வருடம் அறிக்கை வாசித்தபோது, “இது தீரவில்லை” என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஆசிரியர் வேலை. கேரளத்தில் எய்டட் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் அரசு கஜானாவிலிருந்து, ஆனால் ஆளைப் போடுவது மேனேஜர். அரசுப் பள்ளியில் இருப்பது போல எஸ்.சி., எஸ்.டி. இடஒதுக்கீடு இங்கே இல்லை. நான் படித்த காலத்திலும் சரி, இப்போதும் சரி, எங்கள் தெருவிலிருந்தோ பக்கத்து ஊர்களின் எங்களைப் போன்ற தெருக்களிலிருந்தோ ஒரு டீச்சர் கூட அங்கே வந்ததில்லை. ஆனால் அந்த வேலைகள் நிற்பதே எங்கள் பிள்ளைகளின் தலைக்கணக்கில்தான். பள்ளி திறந்து ஆறாம் வேலைநாளில் எடுக்கிற கணக்கில் பிள்ளைகள் குறைந்தால் டிவிஷன் போகும், டிவிஷன் போனால் போஸ்ட் போகும். அதனால்தான் மே மாதமானால் ஆசிரியர்கள் பேக், குடை, நோட்டு என்று வாங்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருகிறார்கள், பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் எப்போதோ இங்கிலீஷ் மீடியம் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். எங்கள் பிள்ளைகளை வைத்து நிற்கிற பள்ளியில் எங்கள் பிள்ளைகள் படித்து வளர்ந்து திரும்பி வர வழியில்லை. டீச்சர் வாசித்த பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அது தன் கையில் இல்லை என்றார். உண்மைதான், அது மேனேஜர் கையில் இருக்கிறது.

வருகிற ஜூனில் எல்.பி. எனும் ஆரம்பப் பிரிவில் ஒரு டீச்சர் ரிட்டயர் ஆகிறார். எங்கள் தெருவில் ஆசிரியர் பயிற்சியான டி.எல்.எட். முடித்து, கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட்டும் பாஸ் செய்துவிட்டு, ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய விண்ணப்பத்தோடு, மினிட்ஸ் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இணைத்து, தெருவில் இருக்கிற பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்திருக்கிறோம். எச்.எம். டீச்சர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மேனேஜர் “பார்க்கலாம்” என்றார். அடுத்த ஜெனரல் பாடியின் அஜெண்டாவில் முதல் விஷயமாக இதை எழுதி வாங்கியிருக்கிறோம்.